வண்டிக்கு எண்ணெய்க் காப்பு

குற்றாலத்தில் எண்ணெய் தேய்க்கிறவர்களுக்கு ஒரு பொதுக் குணம் உண்டு. உலகத்தில் எந்தச் சங்கடமானாலும் கொஞ்சம் எண்ணெயைத் தடவினால் சரியாகிவிடும் என்று நம்புவார்கள். கதவு கிரீச்சிட்டால் எண்ணெய், குழந்தை அழுதால் எண்ணெய், மச்சினன் முறைத்துக்கொண்டு நின்றால் அவன் உச்சந்தலையிலும் ஒரு கை எண்ணெய். பேச்சிராஜ் இந்தக் கூட்டத்தில் மூத்த ஆள். மெயின் அருவிக்குப் போகிற வழியில் ஊரார் முதுகையெல்லாம் தேய்த்துத் தேய்த்து அவன் கைகள் இரண்டும் பலகையாகியிருந்தன.

கல்யாணம் மட்டும் அந்தக் கைகளுக்கு நாற்பத்தாறு வயதில்தான் வாய்த்தது. கழுத்துப் பிடிப்போடு வந்த ஒருவர், தேய்த்து முடிந்து எழுந்ததும் கழுத்து இரண்டு பக்கமும் திரும்புகிற சந்தோஷத்தில் தன் தங்கையைப் பற்றிப் பேச்செடுத்தார். அந்தத் தங்கைதான் சுகந்தி. புளியறையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்கும் நாற்பது தாண்டியிருந்தது. இனி நமக்கு எதற்கு என்று இரண்டு பேருமே இருந்தவர்கள். கல்யாணம் ஆன பிறகு, இத்தனை நாளை எதற்கு வீணாக்கினோம் என்று ஆகிவிட்டது.

மேலகரத்தில் வீடு. காலையில் சுகந்தி தன் ஸ்கூட்டரில் புளியறைக்குப் போவாள், பேச்சிராஜ் அருவிக்குப் போவான். சாயங்காலம் அவன் முதலில் வந்து, பாலைத் தயாராக வைத்துவிட்டு வாசலில் நிற்பான். ஸ்கூட்டர் விளக்கு தெருமுனையில் திரும்பியதும் அடுப்பைப் பற்றவைக்க உள்ளே ஓடுவான். அவள் ஹெல்மெட்டை ஆணியில் மாட்டிவிட்டு ஆஸ்பத்திரிக் கதைகளை ஆரம்பிப்பாள். யாருக்கு என்ன காய்ச்சல், எந்தப் பெரியவர் ஊசிக்குப் பயந்து பாத்ரூமில் ஒளிந்துகொண்டார், டாக்டரம்மா யாரைத் திட்டினார் எல்லாம் வரும். பேச்சிராஜுக்கு அந்த ஒரு மணி நேரம்தான் நாள். மற்றதெல்லாம் அதற்கு முன்னால் செய்து முடிக்க வேண்டிய வேலை. ஊரில் மற்றப் புருஷன்மார்கள் பெண்டாட்டியை 'ஏட்டி' என்று கூப்பிடுவார்கள். இவனுக்கு அது வாயில் வராது. 'சுகந்தி' என்று முழுசாகச் சொன்னால்தான் அவனுக்குத் திருப்தி.

அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது. ஸ்கூட்டரில் சார்ஜ் நிற்கவில்லை. வாங்கி வருஷம்கூடத் திரும்பவில்லை, சாரல் தொடங்கியதிலிருந்து ஒரே மக்கர். காலையில் பட்டனை அமுக்கினால் 'டக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. இண்டிகேட்டர் தூக்கக் கலக்கத்தில் கண்ணைத் திறந்து மூடியது. ஹாரன் சளி பிடித்த ஆட்டுக்குட்டி மாதிரி கத்தியது. ஹெட்லைட் மஞ்சளாக மங்கி, ரோட்டைக் காட்டுவதற்குப் பதிலாகத் தன்னை மட்டும் காட்டிக்கொண்டு வந்தது. பேட்டரி போய்விட்டது என்று தெருமுனைக் கடையில் புதுசு மாட்டினார்கள். கொஞ்ச நாள் ஓடியது. பிறகு அதுவும் படுத்துவிட்டது. வெளியே கொடுத்துச் சார்ஜ் ஏற்றி மாட்டினால் இரண்டு மூன்று நாள் ஓடும், மறுபடி படுக்கும்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை, புளியறை வளைவில் விளக்கு அணைந்து இன்ஜினும் நின்றுபோனது. சுகந்தி இருட்டில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து ஒரு புரோட்டாக் கடை வாசலில் நிறுத்திவிட்டு, பஸ் பிடித்து வீடு வந்து சேர்ந்தாள். அன்றைக்குக் கதை எதுவும் சொல்லவில்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"ஆஸ்பத்திரிக்குப் பின்னால ஒரு ரூமு காலியா கெடக்கு. எனக்குத் தாரேன்னு டாக்டரம்மா சொல்லுதாங்க. வண்டி இப்படியே இருந்தா, சீசன் முடியுத வரைக்கும் நான் அங்கனயே தங்கிருதேன். ஞாயித்துக்கிழமை மட்டும் வாரேன்."

"சீசன் முடிய ஆவணி ஆயிருமே சுகந்தி."

"அதுக்கு என்ன செய்ய? இன்னொரு நர்ஸும் அந்த ரூம கேக்குதா. வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்குள்ள நான் பதில் சொல்லணும்."

பேச்சிராஜ் தலையை ஆட்டினான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிறவளுக்குப் பெண்டாட்டி என்றா பெயர், விருந்தாளி அல்லவா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான். வெளியே சொல்ல அவனுக்கு நியாயம் இல்லை. நனைந்து நடுங்கி வந்தவள் அவள்.

மறுநாள் தெரிந்த ஒருவரின் லோடு ஆட்டோவில் ஸ்கூட்டர் வீடு வந்து சேர்ந்தது. வெள்ளிக்கிழமை விடியும்போது மலையில் நல்ல மழை. அருவியில் தண்ணீர் கூடிவிட்டதால் குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். மற்ற எண்ணெய்க்காரர்கள் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்க, பேச்சிராஜுக்கு மட்டும் அந்தத் தடை வரமாகப் பட்டது. சுகந்தி பஸ்ஸில் வேலைக்குப் போனதும், வண்டியைத் தென்காசிக்குத் தள்ளிக்கொண்டு புறப்பட்டான். அவனுக்கு ஓட்டத் தெரியாது. எண்ணெய்க் கை ஆக்ஸிலேட்டரில் நிற்காது என்று காரணம் சொல்வான், உண்மையில் பயம். வழியெல்லாம் "பெட்ரோல் தீந்துட்டா அண்ணாச்சி?" என்று கேட்காத ஆள் இல்லை. ஒருவர் பாட்டிலில் பெட்ரோலைக் கொண்டுவந்தே விட்டார்.

பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எபனேசர் கடை. வண்டிகளுக்கு வயரிங் வேலை மட்டும் பார்ப்பான். கைராசிக்காரன், முன்கோபக்காரன். அவனிடம் திட்டு வாங்காத வாடிக்கையாளர் ஒருவர் இருந்தால், அவர் வேறு கடைக்குப் போகிறவராக இருப்பார்.

"என்ன செய்யுது?" என்றான் எபனேசர்.

"சார்ஜ் நிக்க மாட்டேங்கு தம்பி. இது ரெண்டாவது பேட்டரி."

"நிக்க மாட்டேங்குதா, ஏறவே மாட்டேங்குதா? அது ரெண்டும் வேற வேற அண்ணாச்சி."

எபனேசர் கடையிலிருந்த நல்ல பேட்டரி ஒன்றை மாட்டி வண்டியை ஸ்டார்ட் செய்தான். மீட்டரின் இரண்டு முனைகளையும் பேட்டரியில் வைத்தான். பன்னிரண்டு வோல்ட்டும் சொச்சமும் காட்டியது. ஆக்ஸிலேட்டரை முறுக்கினான்.

"இப்ப பதினாலு பக்கமா ஏறணும். ஏறுதா பாருங்க."

ஏறவில்லை. நின்ற இடத்தில் நின்றது. ஹெட்லைட்டைப் போட்டதும் இன்னும் கீழே இறங்கியது.

"அப்ப பேட்டரிய ஏன் மாத்துனீங்க? பானையில தண்ணி இல்லன்னா பானையவா மாத்துவீங்க? குழாயில தண்ணி வருதான்னு பாக்க வேண்டாமா?"

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். இரண்டு பேட்டரிகளும் செய்யாத குற்றத்துக்குத் தண்டனை வாங்கியிருந்தன. எபனேசர் பியூஸைப் பார்த்தான், நன்றாக இருந்தது. பக்கத்துத் தகட்டைக் கழற்றினான். உள்ளே வயர்கள் வந்து ஒன்றோடொன்று சேர்கிற பிளாஸ்டிக் இணைப்பு இருந்தது. கப்ளர் என்பார்கள். அதைப் பிரிக்காமல், பின்பக்கமாக மீட்டர் ஊசியை மஞ்சள் வயர்களின் ஓரத்தில் செருகி மறுபடி முறுக்கினான். இந்தத் தடவை மீட்டர் எண் மளமளவென்று ஏறியது.

"இன்ஜின் பக்கத்துல இருக்க காயிலுதான் கரண்டு உண்டாக்குது, அதுல இருந்து கரண்டு நல்லாத்தான் வருது. அத பேட்டரிக்கு ஏத்தாப்புல மாத்திக் குடுக்குத டப்பா ஒண்ணு இருக்கு, ரெகுலேட்டரு. ஒண்ணு அது போயிருக்கணும், இல்ல வழியில எங்கனயோ அடைச்சிருக்கணும்."

ரெகுலேட்டராகவே இருக்கட்டும் சாமி என்று பேச்சிராஜ் குற்றாலநாதரை வேண்டிக்கொண்டான். புதுசு வாங்கி மாட்டினால் முடிந்தது. எட்டு மணிக்கு முன்னால் சுகந்தியிடம் வண்டியைக் காட்டிவிடலாம்.

எபனேசர் கப்ளரைப் பிரிக்க இழுத்தான். வரவில்லை. பல்லைக் கடித்து இழுத்தான். 'சப்' என்று ஒட்டலோடு பிரிந்து வந்தது. உள்ளே கம்பிகள் தெரியவில்லை. பலாப்பிசின் மாதிரி பழுப்பாக ஏதோ அப்பியிருந்தது. எபனேசர் அதை விரலால் தொட்டு மூக்கில் வைத்தான்.

"இஞ்சின் ஆயிலும் இல்ல, கிரீஸும் இல்ல. என்ன எழவு இது?" விரலைப் பேச்சிராஜின் மூக்குக்கு நேரே நீட்டினான். "நீங்கதான் எண்ணெய்க்காரரு. சொல்லுங்க."

மோந்து பார்க்கத் தேவையே இருக்கவில்லை. நல்லெண்ணெய், கொஞ்சம் விளக்கெண்ணெய், வெட்டிவேர், கருஞ்சீரகம். கருஞ்சீரகத்தை இத்தனை கருக விட்டு எண்ணெய் காய்ச்சுகிறவன் குற்றாலத்தில் ஒரே ஒருத்தன்தான். அந்த ஒருத்தன் தன் கையை மெதுவாக வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

நடந்தது இதுதான். வண்டி வந்த புதிதில் அதைச் சர்வீஸ் செய்தவர், இந்த இடத்தைக் காட்டி, "சாரல்ல இதுக்குள்ள தண்ணி ஏறாம பாத்துக்கோங்க" என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனார். தண்ணீரைத் தடுக்கப் பேச்சிராஜுக்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்று. எண்ணெய் ஏறிய உடம்பில் தண்ணீர் நிற்காது, அதை அருவியில் தினமும் கண்ணால் பார்க்கிறவன் அவன். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும், சாமிக்கு எண்ணெய்க் காப்பு சாத்துகிற பக்தியோடு, தகட்டைக் கழற்றி, கப்ளரைப் பிரித்து, தன் மூலிகை எண்ணெயைத் தாராளமாக விட்டு மூடுவான். வண்டிச் சட்டத்தில் எர்த் வயரை முடுக்கியிருக்கிற போல்ட்டுக்கும் ஒரு சொட்டு. சுகந்தி நனைந்தாலும் சுகந்தியின் வண்டி நிற்கக் கூடாது என்பதுதான் வேண்டுதல். வண்டி மக்கர் செய்ய ஆரம்பித்ததும் புதன்கிழமையும் சேர்த்துக்கொண்டான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை என்று சும்மாவா சொன்னார்கள்.

"கழட்டிக் கழட்டி மாட்டுனதுல பின்னெல்லாம் லூசாயிருக்கு. எண்ணெயில தூசி ஒட்டி, சூட்டுல இறுகிப் போயிருக்கு. கரண்டு எங்கன போவும்? எந்தப் பய இதுல எண்ணெய ஊத்துனது?"

"நான்தான் தம்பி" என்றான் பேச்சிராஜ்.

எபனேசர் அவனை ஏற இறங்கப் பார்த்தான். திட்டத்தான் போகிறான் என்று பேச்சிராஜ் தலையைக் குனிந்துகொண்டான். ஆனால் எபனேசர் ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தான். பக்கத்து டயர் கடைக்காரர், எபனேசருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று எட்டிப் பார்த்தார்.

"பேட்டரி முனைய முடுக்குன பிறகு, வெளிய கொஞ்சம் வாஸ்லின் தடவலாம் அண்ணாச்சி. கப்ளருக்குள்ள இப்படி சமையல் பண்ணக் கூடாது. வண்டி என்ன, அருவிக்கா வந்திருக்கு?"

பெட்ரோலில் பிரஷ்ஷை நனைத்துப் பிசினைக் கரைத்தான். காற்றடித்து உலர்த்தி, லூசான பின்களை ஒவ்வொன்றாக நெருக்கினான். எர்த் போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இரும்பு தெரிந்த பிறகு முடுக்கினான். ஸ்டார்ட் செய்து முறுக்கியதும் மீட்டர் பதினாலைத் தாண்டிப் போய் நின்றது. ஹெட்லைட் எதிர்ச் சுவரில் பளீரென்று வெள்ளையாக விழுந்தது. சுகந்தியின் சொந்த பேட்டரியைச் சார்ஜில் போட்டார்கள். புது ரெகுலேட்டர் தேவைப்படவில்லை.

பேச்சிராஜ் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவனால் முடியவில்லை. செவ்வாய்க்கிழமை இருட்டில் அவளை நடுரோட்டில் நிறுத்தியது பேட்டரியும் இல்லை, மழையும் இல்லை. அவன் கை. அவளுக்காக என்று நினைத்து நினைத்து அவன் கை செய்த வேலை. அந்தக் கையைப் பார்க்கவே அவனுக்குப் பிடிக்கவில்லை.

எபனேசருக்கு அவன் முகம் புரிந்துவிட்டது. "வீட்ல ரெகுலேட்டர் போயிருந்துச்சுன்னு சொல்லிருங்க. குடும்பத்துல எல்லாத்தையும் மீட்டர் வச்சுப் பாக்கக் கூடாது அண்ணாச்சி" என்றான்.

நல்ல யோசனையாகத்தான் பட்டது. சாயங்காலம் பேட்டரியை மாட்டிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு வாசலுக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் நின்றான். செங்கோட்டை பஸ்ஸில் சுகந்தி வந்து இறங்கினாள். தூறலில் தலைக்கு முந்தானையைப் போட்டுக்கொண்டு, வண்டியையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். பட்டனை அமுக்கினாள். ஒரே அமுக்கில் வண்டி பிடித்தது. ஹாரனை அடித்துப் பார்த்தாள், முன்னால் நின்ற ஆட்டோக்காரர் துள்ளித் திரும்பினார். அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. அந்த வாரம் முழுக்க வராத சிரிப்பு.

"என்னவாம்?"

"ரெகுலேட்டரு. சரியாயிட்டு."

"ஏறுங்க. ஐந்தருவி வரைக்கும் ஓட்டிப் பாத்துருவோம். தெருவிளக்கு இருக்குத ரோட்டுல போனா லைட்டு எப்படி இருக்குன்னு என்ன தெரியும்?"

கல்யாணம் ஆகி இரண்டு வருஷத்தில் அவர்கள் குற்றாலத்துக்கு ஜோடியாக உலாப் போனது அதுதான் முதல் தடவை. அவனுக்கு அது வேலை பார்க்கிற இடம், யார்தான் வேலை பார்க்கிற இடத்துக்கு உலாப் போவார்கள்? தடை போட்டிருந்ததால் கூட்டம் இல்லை. லாட்ஜ்களைத் தாண்டியதும் மரங்கள் கவிந்து இருட்டு கூடியது. ஹெட்லைட் வெளிச்சத்தில் சாரல் பொடிப்பொடியாகப் பறந்தது. சுகந்தி சும்மாவே ஒரு தடவை வலது இண்டிகேட்டரைப் போட்டாள், பிறகு இடது. பேச்சிராஜுக்கு அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது இத்தனை சுகம் என்று அதற்கு முன்னால் தெரியாது. பொய் மட்டும் நடுவில் உட்கார்ந்து நெருக்கிக்கொண்டிருந்தது.

ஐந்தருவிக்குப் போகிற வழியில் ஒரு டீக்கடையில் நிறுத்தினார்கள். சூடாக மிளகாய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார்கள். சுகந்தி ஒன்றைக் கடித்துக்கொண்டே கைப்பையிலிருந்து போனை எடுத்தாள்.

"எட்டாகப் போவுது. டாக்டரம்மாட்ட ரூமு வேண்டாம்னு சொல்லிருதேன்."

பேச்சிராஜ் தைரியமாக ஒரு பஜ்ஜியைக் கையில் எடுத்தான்.

"ஆனா ஒண்ணு" என்றாள் அவள். "நீங்க ஞாயித்துக்கிழமை போடுத எண்ணெயாலதான் வண்டி இந்த மட்டுக்காவது ஓடிச்சு. நான் கவனிச்சுட்டுத்தான இருக்கேன். பாவம், நீங்களும் சீசன்ல அலுத்துப்போய் வாறீங்க. இனி நானே போட்டுக்கிடுதேன். ஒரு சின்ன பாட்டில்ல குடுத்துருங்க, சீட்டுக்கு அடியில வச்சுக்கிடுதேன். மழை பேஞ்சா ஆஸ்பத்திரி வாசல்லயே ஒரு சொட்டு விட்டுக்கிடலாம்."

பேச்சிராஜ் கையிலிருந்த பஜ்ஜி அப்படியே நின்றது. வாயை மூடிக்கொண்டிருந்தால் அவள் இன்றைக்கு வீட்டுக்கு வருவாள். ஆனால் அடுத்த மழையில், அதே வளைவில், அவளே தன் கையால் எண்ணெயை விட்டுக்கொண்டு நிற்பாள்.

"எண்ணெய் வேண்டாம் சுகந்தி."

"ஏன்?"

"எண்ணெயாலதான் வண்டி நின்னுச்சு. ரெகுலேட்டர் நல்லாத்தான் இருந்துச்சு, நான் உங்கிட்ட பொய் சொன்னேன். நான் ஊத்துன எண்ணெய் உள்ள இறுகிக் கரண்ட அடைச்சுட்டு. வண்டிய கெடுத்தது நான்தான்."

சுகந்தி போனைப் பிடித்த கையைக் கீழே இறக்கினாள்.

"செவ்வாக்கிழமை என்ன நடந்துச்சுன்னு நான் உங்ககிட்ட முழுசா சொல்லல" என்றாள். "லைட்டு போனதும் ரோடு எங்கன முடியுது, பள்ளம் எங்கன ஆரம்பிக்குதுன்னு தெரியல. எதுத்தாப்புல மரத்தடி ஏத்துன ஒரு லாரி வந்துச்சு. நான் நிக்குதது அவனுக்குத் தெரியல. போன் லைட்ட ஆட்டுனேன். ரொம்பப் பக்கத்துல வந்துதான் பிரேக் போட்டான். நான் அழுதேன். வீட்டுக்கு வந்து சொன்னா நீங்க தூங்க மாட்டீங்கன்னு சொல்லல."

பேச்சிராஜ் பஜ்ஜியைக் கீழே வைத்தான். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

"அந்த ரூம எடுத்துக்கோ சுகந்தி. நான் இனிமே வண்டிய தொட மாட்டேன். அப்படியும் நீ அங்கனயே இரு. நீ வரலையேன்னு நான் வாசல்ல நிக்குதது பரவால்ல. நீ வராமலே போயிட்டா நான் எங்கன போவேன்?"

அவள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோபம் இருந்தது, இல்லாமல் இல்லை.

"ரெகுலேட்டர்னே சொல்லிட்டு இருந்திருக்கலாம்ல? நான்தான் நம்பிட்டேனே."

"நீ எண்ணெய் போடப்போறேன்னு சொன்னியே."

சுகந்தி நான்கு எட்டு தள்ளிப் போய், போனைக் காதில் வைத்தாள். முதுகு மட்டும்தான் தெரிந்தது. ஆவணி வரைக்கும்தானே தனியாள், அவள் பத்திரமாக இருந்தால் போதும் என்று பேச்சிராஜ் தன்னைத் தேற்றிக்கொள்ள முயன்றான். அவள் பேசியது தெளிவாகக் கேட்டது.

"டாக்டரம்மா, சுகந்தி பேசுதேன். அந்த ரூம அந்தப் பிள்ளைக்கே குடுத்துருங்க. ஆமா, வண்டிய பாத்தாச்சு. வண்டியில ஒரு கோளாறும் இல்லயாம். கோளாறு எங்க வீட்டு ஆளுகிட்டதான். இல்லம்மா, அத அங்கன இருந்து பாக்க முடியாது. வீட்ல இருந்துதான் பாக்கணும்."

போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்து வண்டியை ஸ்டார்ட் செய்தாள். பேச்சிராஜ் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. கேட்டது சரிதானா என்று அவனுக்கு இன்னும் நிச்சயமில்லை.

"ஏறுங்க" என்றாள் சுகந்தி. "வண்டியில எங்கனயும் கைய வைக்காதீங்க. என் தோள்ல வச்சுக்கோங்க."